கால் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கினால்: வன்னியில் வைத்தியம் எடுக்கும் வழி

பெருவிரல் நகத்தின் ஓரம் சதையைக் குத்திக்கொண்டு இறங்கி, விரல் சிவந்து, செருப்புப் பட்டாலே உயிர்போகிற நோ. பாமசியில் கேட்டால் ஐந்து நாளைக்கு அன்ரிபயோட்டிக் குளிசை தருவார்கள். நோ குறையும். குளிசை முடிந்து இரண்டு கிழமை போக, அதே விரல், அதே பக்கம், அதே நோ. இப்படி வருடக்கணக்காகக் குளிசை போட்டுக்கொண்டிருப்பவர்கள் வட இலங்கையின் வன்னியில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். காலில் முள் ஏறினால் முள்ளை எடுக்காமல் மருந்து குடிப்போமா? சதைக்குள் நிற்கிற நகத்துண்டும் முள்தான். அது உள்ளே இருக்கும்வரை குளிசை கிருமியை அடக்கி வைக்குமே தவிர விரலைச் சுகப்படுத்தாது.

வழமையான சின்ன ஒப்பரேசன் ஒன்றால் இது தீரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. சிரமமெல்லாம் எந்தக் கதவைத் தட்டுவது, எதைக் கேட்பது, எப்போது செய்விப்பது என்பதில்தான்.

1. நகச்சுத்தா, நகம் இறங்கியதா?

இரண்டையும் ஊரில் ‘நகச்சுத்து’ என்றே சொல்லிவிடுகிறோம். நகச்சுத்து பெரும்பாலும் கைவிரலில், நகத்தின் அடிப்பக்கத் தோலில் கிருமி பிடித்து வருவது. சிதலை (சீழை) வெளியே எடுத்துவிட்டால் மாறிவிடும். நகம் இறங்குவது அநேகமாகக் கால் பெருவிரலில், நகத்தின் பக்க ஓரத்தில், முன்மூலையை அண்டி வரும். ஓரத்தை அமத்தினால் ஊசி குத்தினமாதிரி இருக்கும்.

அது மூன்று கட்டமாக முற்றும். முதலில் சிவப்பு, வீக்கம், நோ மட்டும். அடுத்தது சிதல், மணம், காலுறையில் ஈரம். மூன்றாவதில் நகத்தின் ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்து நகத்தை மூடும். தொட்டாலே இரத்தம் வரும். வீட்டு வைத்தியம் முதற்கட்டத்துக்கு மட்டுமே. அடுத்த இரண்டு கட்டத்திலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. வீட்டில் பார்ப்பதென்றால்

கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு லீற்றருக்கு உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. அதில் காலை 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தரம் வையுங்கள். தோல் மெதுமையானதும், இறங்கிய ஓரத்தின் சதையை நகத்திலிருந்து விலக்கிக் கீழ்நோக்கி இழுத்து பிளாஸ்ரர் ஒட்டுங்கள். பஞ்சை நூல்போல் திரித்து நகமூலைக்கு அடியில் வைக்கலாம். வைத்தால் தினமும் மாற்றவேண்டும். பழைய பஞ்சு உள்ளே கிடந்தால் அதுவே நாறி இன்னொரு வருத்தமாகும். முன்பக்கம் இறுக்குகிற சப்பாத்தை விட்டுத் திறந்த செருப்பு போடுங்கள்.

இரண்டு மூன்று கிழமையில் நோ குறைந்துவந்தால் நகம் சதையைத் தாண்டி வளரும்வரை தொடருங்கள். குறையாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள்.

செய்யக்கூடாத இரண்டு உண்டு. முதலாவது, பிளேட்டாலோ நகவெட்டியாலோ மூலையைச் சரித்துக் கொத்தி எடுப்பது. அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கைக்கு எட்டாத ஆழத்தில் ஈர்க்குப்போல் ஒரு கூர் மிஞ்சிவிடும். நகம் வளர வளர அது சதையைக் கிழித்துக்கொண்டு முன்னுக்கு வரும். பலருக்கு வருத்தம் தொடங்குவதே இந்த வெட்டில்தான். மற்றது, தேசிக்காயைத் துளைத்து விரலில் செருகுவது. புளி புண்ணைப் பொசுக்கும், ஊறிய தோல் கிருமிக்கு வழிவிடும், உள்ளே நிற்கும் நகம் அப்படியே நிற்கும்.

3. வீட்டில் ஒரு நாளும் வைத்துப் பார்க்கக்கூடாதவர்கள்

சீனி வருத்தம் உள்ளவர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுதண்ணீரின் சூடே தெரியாது, பொக்களித்த பிறகுதான் தெரியவரும். நோ இல்லை என்பதால் புண் சின்னது என்றும் ஆகாது. சிவப்பு கண்டவுடன் போங்கள்.

ஒரு கால் இழந்து, பொய்க்காலுடன் நடப்பவர்கள். வன்னியில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். மிஞ்சிய காலே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதில் நகம் இறங்கினால் நடை மாறும். நடை மாறினால் பொய்க்கால் உரசி மற்றப் பக்கத்திலும் புண் வரும். முதற்கட்டத்திலேயே காட்டிவிடுங்கள். ஒப்பரேசன் என்று வந்தால் ஊன்றுகோலுக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்து, ஓரிரு நாள் வாட்டில் வைத்திருக்க முடியுமா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதத்தில் செல் பீஸ் (வெடித்த எறிகணையின் துண்டு) இருப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஆறாமல் சிதல் வடிவதற்கு அந்தத் துண்டும் காரணமாயிருக்கலாம். எக்ஸ்றே எடுத்தால் தெரியும்.

விரல் கறுத்தல், சிவப்பு பாதத்துக்கு ஏறுதல், குளிர்காய்ச்சல், கவட்டில் நெறி கட்டுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஓட்டோ கிடைக்காத நேரமென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

4. எங்கே போவது?

பாத வைத்தியருக்கென்று தனியாக அலையாதீர்கள். இங்கே இது சத்திரசிகிச்சைப் பிரிவின் வேலை. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உங்கள் முதல் இலக்கு.

ஆனால் நேரே அங்கே ஓடத் தேவையில்லை. பக்கத்திலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காலையில் துண்டு எடுத்துக் காட்டுங்கள். அங்குள்ள வைத்தியரிடம் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கடிதத்தோடு போனால் மாவட்ட ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசையில் ஒரு காலைப்பொழுதை இழக்கமாட்டீர்கள். துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ வருபவர்களுக்கு ஒரு காலைப்பொழுது என்பது ஒரு நாள் கூலி.

சத்திரசிகிச்சைக் கிளினிக் எல்லா நாளும் இல்லை, கிழமையில் குறித்த நாட்களில்தான். கடிதம் எழுதும் வைத்தியரிடமே நாளைக் கேளுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கேளுங்கள். போயா, பொங்கல், தீபாவளி என்று அரச விடுமுறையில் அந்த நாள் விழுந்தால் கிளினிக் இராது. கலண்டரைப் பார்க்காமல் முதல் பஸ்ஸில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

காசு கொடுத்துப் பார்க்க வசதியிருந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணலாம் (காசு கட்டி நேரம் பதிந்து பார்க்கலாம்). அரச நிபுணர்களே பின்னேரத்திலும் சனி ஞாயிறிலும் அங்கே பார்ப்பதுண்டு. காத்திருப்பு குறையுமே தவிர, செய்கிற வேலை ஒன்றுதான்.

5. பையில் இருக்கவேண்டியவை

அடையாள அட்டை. வைத்தியரின் கடிதம். பழைய கிளினிக் கொப்பி, வாட்டில் இருந்திருந்தால் வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் காட். சீனி, பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் குடிக்கிற மருந்துகளை மட்டையோடு கொண்டு போங்கள். ‘வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் ஒன்று’ என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. அண்மையில் செய்த சீனிப் பரிசோதனைத் துண்டும் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையென்றால் சம்மதக் கையெழுத்துக்குத் தாயோ தகப்பனோ போகவேண்டும். பெரியம்மாவை அனுப்பினால் திருப்பி அனுப்பக்கூடும்.

விரலின் படங்களைப் போனில் எடுத்து வையுங்கள், சிதல் கூடியிருந்த நாளில் எடுத்தது முக்கியம். கிளினிக் நாளில் பார்த்து விரல் நல்லபிள்ளையாக இருக்கும்.

6. வைத்தியரிடம் சொல்லவும் கேட்கவும் வேண்டியவை

கிளினிக்கில் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எத்தனை மாதமாக, எத்தனை தரம் குளிசை, என்ன குளிசை, முன்பு நகத்தைக் கழற்றியதுண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பல்லுப் பிடுங்கும்போது போட்ட விறைப்பூசி ஒத்துவராமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இங்கேயும் லிக்னொக்கேன்தான் போடுவார்கள். வார்பரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் என்று இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் சொல்லவேண்டும். ஆனால் தாங்களாக நிறுத்தக்கூடாது. வார்பரின் என்றால் இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் முடிவெடுப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் நகவேரைப் பொசுக்கும் பீனோல் மருந்து தவிர்க்கப்படும்.

பிறகு ஒரேயொரு கேள்வி: “டொக்டர், ஓரத்தை மட்டும் எடுப்பீங்களோ, வேரையும் சேர்த்தோ?”

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நகத்தை இழுத்துக் கழற்றிவிட்டு வேரை விட்டால், புது நகமும் அதே வழியில் இறங்கும் வாய்ப்பு அதிகம். முழு நகத்தையும் கழற்றினால் தீரும் என்று ஊரில் நம்புகிறார்கள்; அது தேவையில்லாத நோ, வேர் இருந்தால் முழு நகமும் திரும்ப வரும். செய்யவேண்டியது, இறங்கிய பக்கத்தில் 3 முதல் 5 மில்லிமீற்றர் அகலக் கீற்றை அடிவரை எடுத்து, அந்தக் கீற்றை வளர்க்கும் வேரையும் அழிப்பது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, பீனோல் மருந்தைப் பஞ்சால் வைத்துப் பொசுக்குவது. மற்றது, வேரையும் பக்கச் சதையையும் ஆப்பு வடிவில் வெட்டித் தையல் போடுவது. பீனோல் போட்டால் பிறகு நோ குறைவு, ஆனால் பல நாள் ஊனம் (புண்ணிலிருந்து வரும் நீர்) வடியும். வெட்டித் தைத்தால் முதல் நாட்களில் நோ கூட, ஆனால் காயம் கெதியாக மூடும். ஆஸ்பத்திரியில் பீனோல் இல்லையென்றால் வெட்டித் தைப்பார்கள், அதனால் நட்டமில்லை. வேர் போகவேண்டும், அவ்வளவுதான்.

சிதல் கடுமையாக இருக்கும் நாளில் முதலில் கீற்றை மட்டும் எடுத்து அடக்கிவிட்டு, வேருக்குப் பிறகு நாள் தருவதும் உண்டு. அப்படியென்றால் அந்த இரண்டாவது நாளைத் தவறவிடாதீர்கள். நோ போய்விட்டதே என்று வராமல் விடுபவர்கள்தான் அடுத்த வருடம் திரும்ப வரிசையில் நிற்கிறார்கள்.

7. நாள் குறிக்குமுன் வயலையும் கோயிலையும் யோசியுங்கள்

ஒப்பரேசனுக்குப் பிறகு காயம் மூட, தைத்தால் இரண்டு கிழமை, பீனோல் என்றால் நாலு முதல் ஆறு கிழமை. அதுவரை சேறு, குளம், வாய்க்கால் எதிலும் கால் வைக்கக்கூடாது. காலபோகத்துக்கு உழுது விதைக்கும் ஐப்பசி கார்த்திகையில் நாளை எடுத்துவிட்டு ‘ஒரு நாள்தானே’ என்று வயலில் இறங்கினால், எலிக்காய்ச்சல் கிருமிக்கு நீங்களே வாசல் திறந்து வைத்தமாதிரி. அது எலியின் சலத்தோடு சேற்றில் கலந்திருந்து புண் வழியாக உள்ளே போகும். தவிர்க்கமுடியாமல் இறங்கவேண்டியவர்கள் அதற்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் பற்றிக் கேளுங்கள். ஆனால் அது எலிக்காய்ச்சலுக்குக் காவலே தவிர, காயத்துக்குக் காவல் இல்லை. பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் வேண்டாம், உள்ளே வேர்த்து ஊறும்.

வயல்காரருக்கு நல்ல காலம், அறுவடை முடிந்த மாசி, பங்குனி. நோ பொறுக்கமுடியாதென்றால் காலம் பார்க்கவேண்டாம், கூலிக்கு ஆள் பிடிப்பதுதான் வழி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கோ மடு மாதா கோயிலுக்கோ நடக்க நேர்த்தி வைத்திருந்தால், கதிர்காம யாத்திரைக்குப் பேர் கொடுத்திருந்தால், இடையில் ஆறு கிழமையாவது இருக்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறையின் முதல் கிழமை பொருத்தம்; சோதனை நேரம் வேண்டாம், பள்ளி விளையாட்டுப் போட்டியில் இல்லத்துக்கு ஓடுகிற காலமும் வேண்டாம்.

மோட்டார்சைக்கிளை மறந்துவிடாதீர்கள். இடது பெருவிரலால் கியர் மாற்றவேண்டும், வலது பாதத்தால் பிரேக் அமத்தவேண்டும். எந்தக் கால் என்றாலும் ஒரு கிழமைக்கு ஓட்ட முடியாது. ஒப்பரேசனன்று வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் கட்டாயம்.

8. அன்று நடப்பது

விரலை மட்டும் விறைக்க வைத்துச் செய்வதென்றால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சீனி மருந்தும் வழமைபோல. சின்னப் பிள்ளைகளை மயக்கிச் செய்வதென்றால் கதை வேறு: திண்மச் சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தவேண்டும், ஆஸ்பத்திரி சொல்லும் நேரத்தை அப்படியே கேளுங்கள். காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, அகலமான பழைய பாட்டா செருப்போடு போங்கள். திரும்பி வரும்போது கட்டுப்போட்ட விரல் இரண்டு மடங்கு தடிப்பாயிருக்கும்.

விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போடுவார்கள். உண்மையைச் சொன்னால், முழு ஒப்பரேசனிலும் நோவது இந்த அரை நிமிடம்தான். பிறகு ஐந்து பத்து நிமிடம் விறைக்க விடவேண்டும். கிள்ளிப் பார்ப்பார்கள்; நொந்தால் நொகுது என்று சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் போடலாம். இழுக்கிறது, அமத்துகிறது தெரியும், அது இயல்பு. வெட்டும் வேலை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இரத்தத்தை நிறுத்த விரலடியில் ஒரு றப்பர் கட்டியிருப்பார்கள். கட்டுப் போடுமுன் அதைக் கழற்றிவிட்டார்களா என்று நீங்களும் ஒருமுறை கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஏற்பு (ரெற்ரனஸ்) ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். வளர்ந்த சதையையோ கறுத்த நகத்தையோ பரிசோதனைக்கு அனுப்பினால் றிப்போட் எப்போது, எங்கே எடுப்பது என்று அன்றே எழுதி வாங்குங்கள். நகத்தடியில் காயமில்லாமல் வருகிற கருங்கோடு சிலவேளை புற்றுநோயாக இருக்கும், அதனால் அந்த எழுதிய துண்டைத் தொலைக்கக்கூடாது.

வெளிக்கிடுமுன் மூன்று தாள் வாங்கவேண்டும். வேலைக்கோ பள்ளிக்கோ கொடுக்க மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்). அடுத்த கிளினிக் நாள் எழுதிய கொப்பி. உங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையில் மருந்து கட்டக் கடிதம். மூன்றாவதைக் கேட்க மறந்தால், கட்டு மாற்றவென்றே கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ பஸ் ஏறவேண்டிவரும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

விறைப்பு ஓரிரு மணித்தியாலத்தில் இறங்கும். அதற்கு முதலே பனடோல் இரண்டு போடுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக் குளிசைக்கு மேல் இல்லை. டெங்குக் காலத்தில் காய்ச்சலும் சேர்ந்தால் டைக்குளோபினாக், இபுபுரூபன் பக்கம் போகாதீர்கள்.

முதல் இரண்டு நாள் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்திப் படுங்கள். தலையணை இரண்டு போதும். கட்டுத் துணியில் இரத்தம் ஊறினால் அவிழ்க்காமல், உயர்த்தியபடி 15 நிமிடம் விடாமல் அமத்துங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. மற்ற விரலோடு ஒப்பிட்டால் குளிர்ந்து, நீலம் பாரித்து, விண்விண்ணென்று இருந்தால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்த வேண்டும்.

முதல் கட்டு மாற்றம் ஒன்று இரண்டு நாளில். ஒட்டிப்போன கோஸை உரித்து இழுத்தால் புதுக்காயம் வரும். கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் தானாகக் கழன்றுவிடும். பிறகு எத்தனை நாளைக்கொருமுறை என்பதை மருந்து கட்டும் அறையில் சொல்வார்கள். பொவிடோன், ஸ்பிரிட் எல்லாவற்றையும் வீட்டில் ஊற்றாதீர்கள். கிணற்றடியில் குளிக்கும்போது காலை ஒரு கதிரையில் வெளியே நீட்டிக்கொள்ளுங்கள்.

பீனோல் போட்டவர்கள் பயப்படுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டாம் கிழமையிலும் மஞ்சள் தண்ணீராக வடியும். அது சிதல் இல்லை, பொசுங்கிய இடம் ஆறுகிற ஊனம். இதைப் பார்த்துப் பாமசியில் மறுபடி அன்ரிபயோட்டிக் வாங்குவது வீண். வடிவது தடித்து நாறி, சிவப்புப் பரவி, குறைந்துவந்த நோ திரும்பக் கூடினால்தான் காட்டவேண்டும். தையல் போட்டவர்கள் 10 முதல் 14 நாளுக்குள் வெட்டுவிக்கவேண்டும்.

10. செலவு

அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக், ஒப்பரேசன், கட்டு எல்லாம் இலவசம். கைக்காசு போவது பயணத்துக்கு: கடிதம், கிளினிக், ஒப்பரேசன், மறுகிளினிக் என்று குறைந்தது நாலு தரம், ஒப்பரேசனன்று திரும்ப ஓட்டோ. அதோடு இழக்கிற கூலி. நின்று செய்கிற வேலையென்றால் ஒரு கிழமைக்குக் கணக்கு வையுங்கள். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சிலவேளை துண்டு எழுதுவார்கள், அதற்கும் கொஞ்சம் கையில் வேண்டும்.

தனியாரில் ‘எவ்வளவு’ என்று மொட்டையாகக் கேட்டால் வைத்தியரின் கட்டணத்தை மட்டும் சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம், தியேட்டர், ஊசி சாமான், சதைப் பரிசோதனை, பிறகு கட்டுகிற ஒவ்வொரு கட்டு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். கட்டுகளை மட்டும் ஊர் அரச ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கடிதம் வாங்குங்கள்.

11. நகம் திரும்ப வளரும்போது

கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். முழு நகம் போனவருக்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் எடுக்கும். ஓரம் மட்டும் எடுத்தவருக்கு நகம் நிரந்தரமாகக் கொஞ்சம் ஒடுக்கமாயிருக்கும், பார்ப்பவருக்குத் தெரியாது.

வெட்டும்போது குளித்த பிறகு, குறுக்கே நேராக, மூலை சதைக்கு வெளியே தெரியும்படி வெட்டுங்கள். பாதுகாப்புச் சப்பாத்துப் போட்டு வேலை செய்பவர்கள் பின்னேரத்தில், கால் வீங்கியிருக்கிற நேரத்தில், அளவு பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சப்பாத்து ஒரு தவணைக்குள்ளேயே சிறுத்துவிடும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இருக்கிறதா என்று அமத்திப் பாருங்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு வெட்டிய ஓரத்தில் ஈர்க்குப்போல் ஒரு துண்டு முளைத்தால், வேரில் ஒரு துளி தப்பியிருக்கிறது என்று பொருள். சிதல் பிடிக்கும்வரை வைத்திருக்காமல், அதே கிளினிக் கொப்பியோடு போங்கள். அந்தத் துளியை மட்டும் எடுப்பது முதல்முறையை விடச் சின்ன வேலை.